இம்முறை மட்டும்

பகலில் ஜாலான் ஈப்போவில், மூன்றாம் மாடியில்,
வழக்கறிஞர் ஜோசபினுக்குப்
பழைய தீர்ப்புகளைத் தேடி நகலெடுப்பது என் வேலை.
எப்போதோ கிள்ளானில் ஓர் ஆடு
யாருடைய கத்தரித் தோட்டத்திலோ புகுந்து மேய்ந்தது.
ஆடு செத்து, தோட்டம் வீடுகளாகி,
நீதிபதியும் ஓய்வூதியம் வாங்கிப் போய்ச்சேர்ந்தபின்
அந்த ஆட்டை வைத்து
நேற்று பங்சாரில் ஒரு நாயின் வழக்கு முடிந்தது.
முடித்துவைத்தது
நான் மஞ்சள் பேனாவால் தீட்டிய ஒன்றரை வரி.

அதற்கு ஆங்கிலத்தில் ஒரு சொல் உண்டு.
ஜோசபின் கையில் அது சாவி.
இரவு எட்டரைக்கு, செந்தூல் அடுக்குமாடியின்
நிர்வாகக் கூட்டத்தில்
அதே சொல் பூட்டு.

ஒன்பதாம் மாடி நீலாவதியின் கணவர்
ஆஸ்பத்திரிப் பிணவறையில் இருந்தார்.
கீழே கூடாரம் போட
கார் நிறுத்தும் ஆறு கட்டங்கள் வேண்டும், இரண்டு நாளைக்கு.
"கொடுத்தால் அதுவே பிரசிடென்ட் ஆகிவிடும்"
என்றார் தலைவர் ரொஸ்லான், வருத்தத்தோடுதான்.
நீலாவதியின் தம்பி எழுந்து நின்றான்.
"எங்களுக்குப் பிரசிடென்ட் பதவியெல்லாம் வேணாம் சார்,
இடம் மட்டும் போதும்."
யாரும் சிரிக்கவில்லை.
சிரிக்காமலிருக்க நான் பேனா மூடியைக் கடித்தேன்.

முன்னுதாரணம், என்று அவனுக்குச் சொன்னேன்.
சொன்ன பிறகுதான் உறைத்தது:
முன் என்றால் நமக்கு நடந்து முடிந்ததும்தான்,
மூக்குக்கு நேரே நிற்பதும்தான்.
வழக்கு கோர்ட்டில் நடப்பது,
ஊர் பேசிப் பேசிப் பழகியதும் வழக்கு.
இரண்டையும் ஒரே சொல்லில் போட்டுவைத்தவர்
அன்று கூட்டத்துக்கு வரவில்லை.

தகர அலமாரியில் பழைய குறிப்பேடுகள்.
செயலாளர் நான்; சாவி என்னிடம்.
இரண்டாயிரத்து நான்கு, பி பிளாக் ஹக்கீம் வீட்டுக் கல்யாணம்,
கூடாரத்துக்கு எட்டுக் கட்டம்.
கடைசியில் மலாயில் ஒரு வாக்கியம்: காலி இனி சஹாஜா.
தமிழ்க் காதில் விழுந்தால்
இனி எல்லாம் காலி என்றுதான் கேட்கும்.
பொருள் அதுவல்ல.
இம்முறை மட்டும். இதை முன்னுதாரணமாகக் கொள்ளலாகாது.

"அது கல்யாணம்" என்றார் பொருளாளர் மேடம் சியூ.
பக்கத்தைத் திருப்பினேன்.
இரண்டாயிரத்துப் பதினொன்று, டான் வீட்டுச் சாவு, ஐந்து நாள்.
இம்முறை மட்டும்.
"அப்போது இத்தனை கார் இல்லை."
திருப்பினேன்.
பதினாறில் பள்ளிக்கூட நிதிக்கு உணவுச் சந்தை.
இம்முறை மட்டும்.
"அது ஞாயிற்றுக்கிழமை."

இப்படி ஒன்றுபோல் ஒன்றில்லை என்று காட்டத்தான்
ஜோசபின் மணிக்கணக்கில் கட்டணம் வாங்குகிறார்.
மேடம் சியூ இலவசமாகச் செய்தார், நன்றாகவும் செய்தார்.

வெளியே மழை பிடித்துக்கொண்டது.
தம்பியின் போன் மூன்றாவது முறை அதிர்ந்தது.
கூடாரக்காரன், லாரியோடு கேட்டுக்கு வெளியே.

ரொஸ்லான் மூன்று பக்கங்களையும்
கண்ணாடியைக் கழற்றி, மாட்டி, மறுபடி படித்தார்.
மூன்று கையெழுத்து, மூன்று நிற மை,
ஒரே வாக்கியம்.
"நாம் எப்போதும் இல்லை என்று எழுதிவிட்டு
கொடுத்துத்தான் இருக்கிறோம்" என்றார்.
கை தூக்கினார்கள். ஐந்துக்கு இரண்டு.

தீர்மானத்தை எழுதியது நான்.
ஆறு கட்டம், இரண்டு நாள், குப்பை அவர்கள் பொறுப்பு.
அந்தக் கடைசி வாக்கியத்தில் பேனா நின்றது.
விட்டுவிடலாம். யாரும் பார்க்கப்போவதில்லை.
ஆனால் விட்டால்
இருபது வருடத்தில் விட்ட முதல் ஆள் நானாவேன்.
எழுத்துப் பிசகாமல் பார்த்து எழுதினேன்.

எல்லாரும் போனபின் நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தேன்.
மேடம் சியூ திரும்பி வந்தார், குடை சொட்டச் சொட்ட.
அந்த ஐந்து நாள் பக்கம் ஒரு நகல் கிடைக்குமா என்றார்.
பன்னிரண்டாம் மாடியில் அவர் அம்மாவுக்குத்
தொண்ணூற்றொரு வயது.
"இன்றைக்கு எழுதியதையும் சேர்த்து எடு" என்றார்.
"மஞ்சள் கோடு வேண்டாம். நானே போட்டுக்கொள்கிறேன்."